லாக்ராஞ்சியன் இல்லாத கோட்பாடு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு ஆராய்ச்சி மாணவியாக இடம் கிடைத்த செய்தியை இரண்டு முறை படித்தேன். எனக்கும் கண் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மறுபடி தாளும் பேனாவுமாக உட்கார முடிகிறது.

லாக்ராஞ்சியனே, அதாவது இயக்கம் முழுவதையும் தரும் மூலச் சூத்திரமே, எழுத முடியாத கோட்பாட்டில் எதைக் கணக்கிடுவாய் என்று கேட்டிருந்தாய். நாம் படித்த காலத்தில் எனக்கும் அந்தச் சந்தேகம்தான். இப்போது எதிர்முனையிலிருந்து தொடங்குகிறேன். கன்ஃபார்மல் கோட்பாடு ஒன்றை, அதாவது அளவை மாற்றிப் பார்த்தாலும் உருவம் மாறாத கோட்பாட்டை, எடுத்துக்கொள். அதில் நான்கு புலச் செயலிகளின் (புள்ளிக்குப் புள்ளி அளக்கும் கணியங்களின்) தொடர்புச் சார்பைப் பார். அவை ஒன்றோடொன்று எவ்வளவு இணைந்திருக்கின்றன என்று அது சொல்லும். முதலாவதையும் இரண்டாவதையும் சேர்த்து விரித்தாலும், இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்து விரித்தாலும் விடை ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். விரிவில் வரும் கெழுக்களோ மெய்யெண்களின் வர்க்கங்கள். குறை எண்ணுக்கு இடமில்லை. இவ்வளவை மட்டும் வைத்து, எந்தச் செயலியின் அளவுப் பரிமாணம் (அளவை மாற்றும்போது அது எந்த அடுக்கில் மாறும் என்ற எண்) எதுவரை போகலாம் என்று 2008-இல் ரட்டாஸ்ஸி, ரிச்கோவ், டொன்னி, விக்கி நால்வரும் எல்லை கட்டினார்கள்.

போசான்களையும் ஃபெர்மியான்களையும் இணைக்கும் மீச்சமச்சீர் சேர்ந்துவிட்டால் பிடி இன்னும் இறுகும். நான்கு பரிமாண என்=2 (மீச்சமச்சீர் இரட்டிப்பாக உள்ள) கன்ஃபார்மல் கோட்பாடு ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் இரு பரிமாண கைரல் இயற்கணிதம், அதாவது ஒரே திசையில் ஓடும் செயலிகளின் பெருக்கல் விதித் தொகுப்பு, ஒளிந்திருக்கிறது என்று 2013-இல் பீம், ரஸ்டெல்லி முதலான அறுவர் காட்டினார்கள். நான்கு பரிமாண சென்ட்ரல் சார்ஜை (கோட்பாட்டில் அசையக்கூடியவை எவ்வளவு என்பதை ஒருவகையில் அளக்கும் எண்ணை) -12-ஆல் பெருக்கினால் இரு பரிமாணத்தின் சென்ட்ரல் சார்ஜ் வந்துவிடும். என்னைத் தூங்கவிடாமல் செய்தது இதுதான்.

இடைவினை உள்ள என்=2 கோட்பாடு எதற்கும் சென்ட்ரல் சார்ஜ் 11/30-க்குக் கீழே இறங்க முடியாது. -12-ஆல் பெருக்கிப் பார், -22/5. நாம் மாணவர்களாக இருந்தபோது பார்த்த லீ-யாங் மாதிரியின், அந்த எளிய இரு பரிமாண கன்ஃபார்மல் கோட்பாட்டின், அதே எண்! இரு பரிமாண கன்ஃபார்மல் சமச்சீரின் இயற்கணிதமான விராசோரோ இயற்கணிதத்தின் நான்காம் படியில் ஒரு நிலை இருக்கிறதல்லவா, அதன் நீளத்தின் வர்க்கம் சென்ட்ரல் சார்ஜின் ஐந்து மடங்கோடு 22-ஐக் கூட்டிய தொகையைக் காரணியாகக் கொண்டது. அது சுழியாகும் இடமே இந்த எல்லை. அங்கே ஒரு கோட்பாடு உண்மையாகவே நிற்கிறது: ஆர்கைரெஸும் டக்ளஸும் 1995-இல் கண்டது. மின்துகளும் காந்தத்துகளும் ஒரே புள்ளியில் நிறை இழக்கும் கோட்பாடு அது. அந்த இரண்டையும் ஒன்றாகக் காட்டும் வழக்கமான லாக்ராஞ்சியனை எழுத வழியில்லை. ஆனாலும் அதன் சென்ட்ரல் சார்ஜ் பின்னமாக, துல்லியமாகக் கையில் இருக்கிறது. தோராயம் எதுவும் இல்லை.

(2,0) என்று பெயரிடப்பட்ட ஆறு பரிமாண மீச்சமச்சீர் கோட்பாட்டிலும் இதே வழி திறக்கிறது. அதைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அந்த நான்காம் படிக் கணக்கை மகளிடம் கொடு. அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். அவள் போட்ட தாளை அப்படியே எனக்கு அனுப்பு, அடித்தல் திருத்தல் இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்