விளையாட்டு வர்ணனையாளருக்கும் வானொலியில் இடம் வேண்டும்

ஆசிரியருக்கு,

டெல்டாவில் பொங்கலையொட்டி நடந்த கபடிப் போட்டிகள் பற்றிய தங்கள் செய்தியில் வீரர்கள், கோப்பை, தலைமை தாங்கிய பிரமுகர்கள் என எல்லோரும் இருந்தார்கள். தொண்டை வறள வர்ணனை செய்தவர் மட்டும் இல்லை. நீடாமங்கலம் அருகே எங்கள் ஊர்த் திடலில் அந்தப் பொறுப்பை ஏற்பவர் ஒரு விவசாயத் தொழிலாளி. பாடி வருபவரின் கால் வைப்பைப் பார்த்தே எந்தப் பக்கம் பாய்வார் என்று முன்கூட்டிச் சொல்லிவிடுவார். அவர் சொன்ன பிறகுதான் கூட்டம் ஆர்ப்பரிக்கும். பொங்கல் முடிந்தால் அந்தக் குரலுக்கு வேலையில்லை.

2020-இல் மறைந்த சாத்தான்குளம் அப்துல் ஜப்பார், வானொலியில் கிரிக்கெட்டைத் தமிழில் வர்ணித்தே பெயர் பெற்றவர். விளையாட்டைப் பேசுவது பெருமைக்குரிய தொழில் என்பதற்கு அவரே சான்று. அந்த வழி கிராமத்துக் குரல்களுக்கும் திறக்கப்பட வேண்டும். 1939-இல் தொடங்கப்பட்ட திருச்சி வானொலியும் காரைக்கால் வானொலியும் கபடி, வாலிபால் போன்ற உள்ளூர் விளையாட்டுகளுக்கு வாரம் அரை மணி நேரம் ஒதுக்கலாம். ஒன்றியந்தோறும் குரல் தேர்வு நடத்தி, தேர்வாகும் வர்ணனையாளர்களை உரிய ஊதியத்துடன் பேச வைக்கலாம்.

வாசகர்,
நீடாமங்கலம்