எங்க ஜூலி கூட கடைசி வரைக்கும் நின்ன எல்லாருக்கும்

எங்க நாய் ஜூலி போய் இன்னையோட 17 நாள் ஆச்சு. முன்னாடியே எழுதணும்னு ரெண்டு மூணு தடவ உக்காந்தேன், முடியல. ஃபோன் பண்ணவங்ககிட்ட நான் சரியா பேசக்கூட இல்ல, அம்மாதான் வாங்கி பேசினாங்க. அதனால எல்லாருக்கும் சேத்து இப்ப எழுதறேன், லேட் ஆனதுக்கு மன்னிச்சிடுங்க.

முதல்ல டாக்டர், உங்களுக்கு. 13 வயசாச்சு, தண்ணி நிறைய குடிக்கிறா, ராத்திரி ரெண்டு தடவ வெளிய போகணும்னு எழுப்பறா, வயசானா இப்டிதான்னு நாங்களே நினைச்சுட்டு பல வாரம் விட்டுட்டோம். பிளட் டெஸ்ட்ல கிரியாட்டினின், அதான் கிட்னி வெளிய தள்ள வேண்டிய கழிவு, ஏறி இருந்தத பாத்ததும் நான் அழுதுட்டேன், முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கணும்னு. நீங்க அவசரமே படாம உக்காந்து, கிட்னி முக்கால்வாசி வேலைய நிறுத்தின பிறகுதான் கிரியாட்டினின் பெருசா ஏறவே ஆரம்பிக்கும், வெளில இருந்து பாத்து யாராலயும் கண்டுபிடிக்க முடியாதும்மான்னு சொன்னீங்க. அந்த ஒரு வார்த்தை இல்லன்னா அடுத்த அஞ்சு மாசம் நான் அவள பாத்துக்கிட்டே இருந்திருக்க மாட்டேன், என்னையே திட்டிக்கிட்டு இருந்திருப்பேன்.

அப்பறம் கிளினிக்ல அசிஸ்டெண்டா இருக்கற தம்பி. தோலுக்கு அடியில சலைன் ஏத்த எனக்கு சொல்லிக்குடுத்தது நீதான்ப்பா. ஊசின்னா கண்ண மூடிக்கற ஆள் நான். ரெண்டு தோளுக்கு நடுவுல தோல கூடாரம் மாதிரி தூக்கி பிடிங்கக்கா, அந்த குழிக்குள்ள ஊசிய விடுங்க, பாட்டில முன்னாடியே வெதுவெதுன்னு இருக்கற தண்ணில வெச்சு எடுத்துட்டா அவளுக்கு ஜில்லுன்னு இருக்காதுன்னு மூணு நாள் வீட்டுக்கே வந்து நின்ன. சலைன் ஏறினதும் முதுகுல ஒரு சின்ன திமில் மாதிரி வீங்கும், கொஞ்ச நேரத்துல முன்னங்கால் பக்கம் இறங்கி மெதுவா வத்திடும், முதல் நாள் அத பாத்து பயந்து ராத்திரி 11 மணிக்கு உனக்கு ஃபோன் போட்டேன், கொஞ்சங்கூட சலிச்சுக்கல நீ. பிற்பாடு ஜூலியே அந்த நேரத்துக்கு அவ பாய்ல போய் படுத்துக்கிட்டு என்ன பாப்பா.

இப்ப ராக்கி வீட்டுக்காரங்க. உங்களுக்கு என்ன எழுதறதுன்னே தெரியல. நாலாவது மாசம் ஜூலிக்கு ஈறெல்லாம் வெள்ளையாயிடுச்சு, நாலு அடி நடந்தா படுத்துடுவா. ரத்தம் ஊற சொல்ற ஹார்மோன கிட்னிதான் சுரக்குதாம், அது கெட்டுப்போனா ரத்தமும் குறையுமாம், எங்களுக்கு அதெல்லாம் அன்னைக்குதான் தெரியும். ரத்தத்துல சிவப்பணு எத்தன சதவீதம்னு காட்டற பிசிவி 37-க்கு மேல இருக்கணும், அவளுக்கு 14-ல நின்னுச்சு. வேற நாயோட ரத்தம் ஏத்தணும், ரத்தம் குடுக்கற நாய் 25 கிலோவுக்கு மேல இருக்கணும், தடுப்பூசி எல்லாம் போட்டிருக்கணும், உண்ணி காய்ச்சல் இருக்கக்கூடாதுன்னு சொன்னாங்க. யார்கிட்ட போய் கேக்கறது? மனுசனுக்கு ரத்தம் கேக்கவே தயங்குவோம். நீங்க எங்கள பாத்ததுகூட இல்ல, ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் சொல்லி காதுக்கு வந்ததும் ராக்கிய வண்டியில ஏத்திட்டு வந்துட்டீங்க. கழுத்துல முடிய ஷேவ் பண்ணி ஊசி போடறப்ப அவன் உங்க மடியில தலைய வெச்சுக்கிட்டு அசையாம இருந்தான். 450 எம்எல். மறுநாள் காலைல ஜூலி தானா எழுந்து கேட் வரைக்கும் நடந்து போய் நின்னா, அப்பா அத பாத்துட்டு உள்ள போய் ரொம்ப நேரம் வெளிய வரவே இல்ல. அதுக்கப்பறம் எங்களுக்கு கிடைச்ச 26 நாளும் ராக்கி குடுத்தது.

கடைசி வாரம் அவ சாப்பாட்ட மோந்துகூட பாக்கல, வாயெல்லாம் புண்ணு, பின்னங்கால் ரெண்டும் நிக்கல, துண்ட வயித்துக்கு அடியில குடுத்து தூக்கித்தான் வெளிய கூட்டிட்டு போனோம். டாக்டர், இன்னும் ஏதாச்சும் பண்ணலாமான்னு நான் கேட்டுக்கிட்டே இருந்தேன், நீங்கதான் பொய் சொல்லாம, இனிமே பண்றது எல்லாம் நமக்காகத்தான் இருக்கும், அவளுக்காக இல்லன்னு சொன்னீங்க. கோவம் வந்துச்சு அப்ப. இப்ப இல்ல. வீட்டுக்கே வந்து, முதல்ல தூங்க வைக்கற ஊசி, அவ நல்லா தூங்கின பிறகுதான் ரெண்டாவது, கண்ணு மூடாது, இதயம் நின்ன பிறகும் மூச்சு இழுக்கற மாதிரி ஒண்ணு ரெண்டு தடவ வரலாம், அது வலி இல்லன்னு ஒவ்வொண்ணா முன்கூட்டியே சொன்னதால நாங்க பயப்படாம அவ தலைய புடிச்சுக்கிட்டு இருக்க முடிஞ்சுது. அவ காதுல அம்மா பேசிக்கிட்டே இருந்தாங்க.

பக்கத்து வீட்டு அண்ணனுங்க ரெண்டு பேரும் நாங்க கேக்காமலே மம்பட்டி எடுத்துட்டு வந்தீங்க. அந்த மருந்து உடம்புலயே இருக்கும், வேற எந்த பிராணியும் தோண்டிடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னதுக்காக நெஞ்சு வரைக்கும் குழி தோண்டினீங்க, மண்ணு கல்லு மாதிரி இருந்துச்சு, கை பொத்துப்போச்சு உங்களுக்கு. அன்னைக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கக்கூட எங்களுக்கு தோணல.

ஆபீஸ்ல என் வேலைய சேத்து பாத்தவங்க, தினமும் எப்டி இருக்கான்னு கேட்ட மாடி வீட்டு குட்டிப்பொண்ணு, எல்லாருக்கும் நன்றி.

மிச்சம் இருந்த சலைன் பாட்டில், பிரிக்காத ஊசி எல்லாம் தம்பிகிட்ட குடுத்தாச்சு, யாருக்காச்சும் ஆகும். ராக்கிக்கு கழுத்துல முடி வளந்துடுச்சான்னு அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஞாயித்துக்கிழமை வரோம். ஜூலியோட பந்து ரெண்டு இருக்கு, அவனுக்கு புடிக்கும்னா எடுத்துட்டு வரோம்.