எத்தனையாவது வாரத்தில் பிறந்தீர்கள் என்று கேளுங்கள்

மாண்புமிகு மலேசியச் சுகாதார அமைச்சர் அவர்களுக்கும் அமைச்சின் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

அரசாங்கக் கிளினிக்கில் புதிதாகப் பதியும்போது அப்பாவுக்கு இனிப்புநீர் உண்டா, அம்மாவுக்கு இரத்த அழுத்தம் உண்டா, புகைப்பழக்கம் உண்டா என்று கேட்கிறார்கள். அந்தப் பாரத்தில் இன்னொரு வரியையும் சேருங்கள்: எத்தனையாவது வாரத்தில் பிறந்தீர்கள்?

நான் 29ஆவது வாரத்தில் பிறந்தவன். 37 வாரம் நிறையும் முன் பிறந்தால் குறைமாதம். உலகில் ஏறக்குறைய பத்துக் குழந்தைகளில் ஒன்று அப்படித்தான் பிறக்கிறது. பிஞ்சு நுரையீரலை விரிய வைக்கும் சர்ஃபக்டன்ட் மருந்து 1990 வாக்கில் பல நாடுகளில் புழக்கத்துக்கு வந்தது. அக்காலத்தில் பிழைத்தவர்கள் இப்போது முப்பதுகளில் இருக்கிறோம். எங்களைக் காப்பாற்றிய மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் நன்றிக்கடன் என்றும் உண்டு. ஆனால் இன்குபேட்டரை விட்டு வந்ததும் சில ஆண்டுகள் எடையும் பார்வையும் பார்த்து, இனிப் பயமில்லை என்று அனுப்புவதோடு கதை முடிகிறது. ஒவ்வொரு நவம்பர் 17ஆம் தேதியும் உலகக் குறைமாதக் குழந்தைகள் தினம் கொண்டாடுகிறோம். படங்களில் எல்லாம் கையளவுக் குழந்தைகள். வளர்ந்தவர்களை யாரும் தேடுவதில்லை.

சிறுநீரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தத்தை வடிகட்டும் நெஃப்ரான்களில் பாதிக்கு மேல் கருவின் கடைசி மூன்று மாதங்களில்தான் உருவாகின்றன. முந்திப் பிறந்தவருக்கு அவை குறைவாக இருக்கலாம். இருப்பவை கூடுதலாக உழைக்க வேண்டும். ஸ்வீடனில் 1973 முதல் 2014 வரை பிறந்த 40 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். நாட்பட்ட சிறுநீரக நோய் வரும் வாய்ப்பு குறைமாதத்தாருக்கு ஏறத்தாழ இரு மடங்காம். மிரள வேண்டியதில்லை, இளவயதில் அந்நோய் அரிது, இரு மடங்கானாலும் சிறிய எண்தான். எங்களில் பெரும்பாலோர் நன்றாகவே இருக்கிறோம். ஆனால் நம் நாட்டுப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, 29.2 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் என்று அமைச்சின் 2023 ஆய்வே சொல்கிறது. இவையும் வந்து சேர்ந்தால் அந்தச் சிறுநீரகம் என்ன ஆகும்? குறைந்த வருமானத்தாருக்கான அரசாங்கத்தின் பெகா பி40 உடல்நலப் பரிசோதனையோ 40 வயதில்தான் தொடங்குகிறது. எங்களுக்கு இருபதுகளிலேயே இரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்த்தால் போதும். பெரிய செலவில்லை.

மூச்சு விஷயமும் இப்படித்தான். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படிகளில் பாதியில் நின்று இளைத்தால், உடம்பைக் குறை என்பார்கள். எனக்கு ஒரு கிளினிக்கில் ஆஸ்துமா என்றே எழுதினார்கள். குறைமாதத்தில் பிறந்தவன் என்று நானாகச் சொன்னதை எழுதிக்கொள்ளவில்லை. பிறந்ததும் நெடுநாள் ஆக்சிஜனில் இருந்தவர்களின் மூச்சுக் கோளாறு ஆஸ்துமா போலவே தோன்றும், ஆனால் எல்லாருக்கும் அந்த மருந்து கேட்காது. ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை செய்துவிட்டு எழுதலாமே. புகைமூட்டக் காலத்தில் யார் கவனமாக இருக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரியும்.

மனத்தைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை. மிகக் குறைமாதத்தில் பிறந்தவர்களிடம் பதற்றம், கவனச் சிதறல், கூட்டத்தில் ஒதுங்கும் சுபாவம் ஆகியவை சற்று அதிகம் என்று பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. 44 லட்சம் பேர் வரையிலான தரவுகளைத் தொகுத்து இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் எழுதியது, குறைமாதத்தார் காதல் உறவிலோ திருமணத்திலோ இணைவது குறைவு என்பது. அமைந்த உறவுகளின் தரத்தில் குறையில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. இதை நம் சமூகத்தில் வைத்துப் பாருங்கள். ஏழு மாதப் பிள்ளை தங்கும், எட்டு மாதப் பிள்ளை தங்காது என்று இன்னும் நம்பும் பாட்டிகள் உண்டு (உண்மையில் வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் லாபமே). வரன் பார்க்கும்போது குறைமாதம் என்று வாய் திறக்காதே என்று அம்மாக்கள் அடக்கிவிடுகிறார்கள். பயந்த சுபாவம், கூச்சக்காரன் என்று பெயர் வாங்கிய பலருக்குத் தாம் எந்த வாரத்தில் பிறந்தோம் என்றே தெரியாது. தெரிந்தவர் அம்மா ஒருவர்தான். அவர் போனால் தகவலும் போயிற்று.

ஆகவே அந்தக் கேள்வியை முகப்பில் உறவினர் முன்னால் கேட்காமல் மருத்துவர் அறைக்குள் கேளுங்கள். குறைமாதம் என்று தெரிந்தால் தூக்கம், பதற்றம் பற்றியும் இரண்டு வார்த்தை விசாரிக்கச் சொல்லுங்கள். இனி வளர்பவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. தேசியப் பச்சிளங்குழந்தைப் பதிவகம் ஏற்கெனவே இயங்குகிறது. பிறந்த வாரம், எடை, ஆக்சிஜனில் இருந்த நாட்கள், கண் சிகிச்சை ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, 18 வயதாகும்போது அவரவர் கையிலேயே கொடுங்கள். பெற்றோர் வழியாக வேண்டாம். முதலில் பினாங்கில் நான்கைந்து கிளினிக்குகளில் தொடங்கிப் பார்க்கலாம். பாரத்தின் தமிழ் வாசகத்தைச் சரிபார்க்க ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
பிறை, பினாங்கிலிருந்து ஒரு குடிமகன்