இங்கிலாந்து கால்பந்து: முன்பணம் கொடுக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'பையனை இங்கிலாந்து கிளப்பில் சேர்த்துவிடுகிறோம்' என்று யாராவது முன்பணம் கேட்டால், காரைக்குடி, தேவகோட்டைப் பெற்றோர் அங்குள்ள நிலவரத்தை முதலில் தெரிந்துகொள்ளட்டும்.

அங்குள்ள உச்ச அடுக்கான பிரிமியர் லீக்கின் 20 கிளப்புகளுக்குக் கீழே மூன்று அடுக்குகளில் 72 கிளப்புகள். இந்த 72-இல் ஒவ்வொன்றுக்கும் ஆகஸ்டிலிருந்து மே வரை லீக் ஆட்டங்கள் மட்டுமே 46. சனிக்கிழமை ஆடிய கால், பல வாரங்களில் செவ்வாய் இரவே மறுபடி ஆட வேண்டும். அடிமட்டத்தில் ஒப்பந்தம் பெரும்பாலும் ஓராண்டு, ஈராண்டுதான். ஜூன் 30-இல் முடியும். யாருக்கு நீட்டிப்பு, யாருக்கு விடை என்பது மே மாதமே தெரிந்துவிடும். பிப்ரவரியில் முழங்கால் தசைநார் அறுந்தால் தேற ஒன்பது மாதமாவது ஆகும். அதற்குள் ஒப்பந்தம் காலி. உள்ளூர்ப் பையன்களுக்கே இதுதான் கதி. இங்கிலாந்து வீரர் ஜேமி வார்டி 16 வயதில் கிளப்பிலிருந்து கழித்துவிடப்பட்டு, தொழிற்சாலை வேலையோடு வாரம் 30 பவுண்டுக்கு ஆடியவர். அவர் 2016-இல் லெஸ்டர் கிளப்போடு பிரிமியர் லீக் சாம்பியன் ஆனதை மட்டும்தான் தரகர்கள் சொல்வார்கள்.

இந்திய அணி வீரர் பாய்சுங் பூட்டியா 1999-இல் இங்கிலாந்தின் மூன்றாம் அடுக்கிலிருந்த பரி கிளப்புக்குப் போனார். (அந்தக் கிளப்பையே 2019-இல் லீக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள்.) இப்போது விதி இன்னும் கடுமை. 18 வயது நிரம்பாத வெளிநாட்டு வீரரை அங்குள்ள கிளப்புகள் ஒப்பந்தம் செய்ய முடியாது. நிரம்பினாலும் தேசிய அணி ஆட்டங்கள், ஆடிய லீக்கின் தரம் போன்றவற்றுக்குப் புள்ளி போட்டுத்தான் அனுமதி. மாவட்ட அணி ஆட்டக்காரருக்கு அது எட்டாது.

முகவரிடம் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். கட்டணப் பயிற்சி முகாம் வேறு, கிளப்பின் தேர்வு வேறு.

கால்பந்துப் பயிற்சியாளர்கள்,
காரைக்குடி