செயலாளர் அறிக்கை 2024–25: நாலாம் நம்பர் படகும் நகல் பாயும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன வருட அறிக்கை நீளம் என்று பலர் சொன்னீர்கள். இந்த முறையும் பெரிதாகக் குறையவில்லை. வரவு செலவைப் பொருளாளரே வாசிப்பார். உறுப்பினர் எண்ணிக்கை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஆகவே நேராகப் படகுகளுக்கு வருகிறேன்.

நமது பாய்ப்படகுச் சங்கத்தில், ஒருவரே ஓட்டும் சின்னப் பாய்ப்படகான லேசர் எட்டு இருக்கின்றன. வணிகப் பெயர் பற்றிய தகராறில் 2019-இல் இந்த வகுப்பின் (ஒரே அளவில் செய்யும் படகு வகையின்) பெயரே ஐஎல்சிஏ என்று மாறிவிட்டது. நமது ரசீதுப் புத்தகத்தில் இன்னும் லேசர்தான். புத்தகம் தீர்ந்ததும் மாற்றிக்கொள்ளலாம்.

பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "சார், இது ரொம்பப் பழைய டிசைன்தானே?" என்பது. ஆமாம், பழசுதான். 1969-இல் கனடாவில் இயன் புரூஸ் என்பவர், கார் கூரைமேல் கட்டி எடுத்துப்போகிற மாதிரி ஒரு சின்னப் பாய்ப்படகு வேண்டும் என்று படகு வடிவமைப்பாளர் புரூஸ் கிர்பிக்குப் போன் செய்தார். முகாம் சாமான்கள் விற்கும் ஒரு கம்பெனிக்காகக் கேட்டது அது. பேசிக்கொண்டே கிர்பி காகிதத்தில் வரைந்த கோடுகள்தான் இந்தப் படகு. கம்பெனி பின்வாங்கிவிட்டது. காகிதம் சும்மா கிடந்தது. 1970 அக்டோபரில் அமெரிக்காவின் விஸ்கான்சினில், மலிவு விலைப் படகுகளுக்காக நடந்த ஒரு போட்டிக்கு மாதிரிப் படகைக் கொண்டுபோனார்கள். பாய் தைப்பவரான ஹான்ஸ் ஃபோக் தைத்த பாய் சரியாக அமையவில்லை. அவரே அதைப் பிரித்து மறுபடி தைத்தார், படகும் ஜெயித்தது. 1971 ஜனவரியில் நியூயார்க் கண்காட்சியில் லேசர் என்ற பெயரில் வெளிவந்தது. அதன்பிறகு 2 லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். நாம் மட்டும் கார் கூரைமேல் ஏற்றியதே இல்லை. மீன்பாடி வண்டிதான் நமக்குக் கைகொடுக்கிறது.

நீளம் 4.23 மீட்டர். வெறும் ஹல், அதாவது படகின் உடல், மட்டும் 59 கிலோ. பாய்மரம் இரண்டு துண்டு அலுமினியக் குழாய், ஒன்றை ஒன்றில் சொருகித் தளத்தில் உள்ள குழியில் நிறுத்துகிறோம். பாயைச் சட்டை மாதிரி மரத்தின்மேல் மாட்டுகிறோம். மரத்தைப் பிடித்து நிறுத்தப் பக்கக் கம்பி ஒன்றுகூடக் கிடையாது. பார்ப்பவர்களுக்கு இது சிக்கனம் மாதிரித் தெரியும், ஆனால் படகின் குணமே அதில்தான் இருக்கிறது. பாயின் அடியில் கிடையாக நிற்கும் குழாய்க்குப் பூம் என்று பெயர், அதைக் கீழே இழுத்துப் பிடிப்பது வேங் கயிறு. அந்தக் கயிற்றை இழுத்தால் மரம் வளைகிறது, மரம் வளைந்தால் பாயின் வயிறு தட்டையாகிறது. பலத்த காற்றில் கவிழாமல் ஓட்டுவது அப்படித்தான். காற்றை முதுகில் வாங்கி ஓடும்போது, தடுக்கக் கம்பி இல்லாததால் பூமை 90 டிகிரியையும் தாண்டி முன்னால் விடலாம். அப்போது காற்று பாயின் பின்விளிம்பில் நுழைந்து மரத்தின் பக்கம் வெளியேறுகிறது. நம் பையன்கள் இதைக் கற்றுக்கொள்ளக் குறைந்தது ஐம்பது தடவை கவிழ்வார்கள். நான் இன்னும் கவிழ்கிறேன்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீரைப் பிளந்து போகும்வரை இந்த நீளத்துக்கு சுமார் 4.7 நாட்தான் எல்லை, அதாவது மணிக்கு 9 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. காற்று ஏறி, ஓட்டுபவர் உடம்பை வெளியே தொங்கவிட்டுப் படகைத் தட்டையாக வைத்திருந்தால், அடிப்பாகம் நீர்மேல் எழும்பி வழுக்க ஆரம்பிக்கும். அப்புறம் அந்த எல்லையெல்லாம் இல்லை. தொடையும் முழங்காலும் மட்டும் தாங்க வேண்டும். எனக்குத் தாங்கவில்லை என்பதால்தான் செயலாளராக இருக்கிறேன்.

சரி, இந்த ஆண்டின் விஷயத்துக்கு வருகிறேன். ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேற்குக் காற்று ஓய்ந்து கடற்காற்று உள்ளே வந்த பிறகு, படகு மாற்றிப் பந்தயம் ஒன்று வைத்தோம். எல்லாப் படகும் ஒன்றுபோல என்கிறோமே, பார்த்துவிடலாம் என்று எட்டுப் பேருக்கும் ஒவ்வொரு ஓட்டத்திலும் படகை மாற்றிக்கொடுத்தோம். வழக்கமாக முதலில் வருபவர்களே எந்தப் படகில் ஏறினாலும் முதலில் வந்தார்கள். ஒரே ஒரு விதிவிலக்கு. நாலாம் நம்பர் படகு, யார் ஓட்டினாலும் கடைசி இரண்டு இடத்துக்குள் வந்தது. நமது சாம்பியனும் அதில் ஏழாவது.

மறுநாள் எடை பார்த்தோம். மற்ற ஹல்களைவிட ஆறு கிலோ அதிகம்! பாய்மரக் குழியில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றிவிட்டு டீ குடிக்கப் போனோம். வந்து பார்த்தால் மட்டம் இரண்டு விரல் இறங்கியிருந்தது. குழியின் அடிப்பகுதி விரிசல் விட்டு, ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகக் கடல்நீர் இறங்கியிருக்கிறது. உள்ளே உள்ள ஃபோம் அதைக் குடித்துவிட்டது. எடைகூட இரண்டாவது பிரச்சினைதான். அந்தக் குழி முழுதாக உடைந்தால், காற்றில் மரம் தளத்தைப் பிளந்துகொண்டு விழும். இரண்டு வருடமாக அந்தப் படகில் ஓடி, "உனக்குக் காற்றைப் படிக்கத் தெரியவில்லை" என்று என்னிடம் திட்டு வாங்கிய இரண்டு பிள்ளைகளிடமும் இந்த அவையில் மன்னிப்புக் கேட்கிறேன்.

விதியில் அனுமதி உள்ள அளவில் தளத்தில் ஒரு சோதனைத் துளை போட்டு, மின்விசிறி வைத்து உலர்த்தினோம். ஐப்பசி கார்த்திகையில் சென்னையில் எது உலரும்? தை பிறந்துதான் உள்ளே கண்ணாடியிழை ஒட்ட முடிந்தது. இடையில் நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. முந்தின நாளே பாய்மரங்களையெல்லாம் கழற்றி, ஹல்களைக் கவிழ்த்துக் கட்டிவிட்டதால் பெரிய சேதம் இல்லை. ஒரு தள்ளுவண்டி மட்டும் மரக்கிளைக்குப் பலியானது. அன்று நனைந்தபடி வந்து கயிறு கட்டிய ஆறு பேருக்கும் நன்றி.

இனி எல்லோரும் எதிர்பார்க்கும் பாய்த் தகராறு. வகுப்பு முத்திரை உள்ள பாயின் விலை நமக்குத் தெரியும். அதில் பாதிக்கும் குறைவாக நகல் பாய் கிடைக்கிறது. அளவு அதேதான், பெரிய போட்டிகளில் மட்டும் செல்லாது. புதிதாகச் சேர்ந்த இரண்டு உறுப்பினர்கள் அதை வாங்கி, ஞாயிறு பந்தயங்களில் வரிசையாக ஜெயித்தார்கள். புகார் வந்தது. ஆவணியில் நடந்த செயற்குழுக் கூட்டம் இரவு பத்து மணிவரை போனது. என் நிலை எளிமையானது: இந்த வகுப்பின் விதி, வெளிப்படையாக அனுமதிக்காத எதுவும் கூடாது என்பது. ஒரு கயிறு கூடுதலாகக் கட்டுவதற்கே புத்தகம் பார்க்கிறோம், முழுப் பாயையே மாற்றினால் எப்படி?

அப்போது ஒரு இளைஞர் எழுந்து கேட்டார்: "அண்ணா, உங்க முத்திரைப் பாய் ஏழு வருஷம் பழசு. துணி தளர்ந்து மூட்டை மாதிரி இருக்கு. புதுப் பாய் வாங்குற வசதி உள்ளவருக்கும் உங்களுக்கும் மட்டும் ஓட்டம் சமமா?" எனக்குப் பதில் வரவில்லை. இந்த வகைப் பாய் வெயிலிலும் உப்பிலும் சீக்கிரம் சாகும் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். ஞாயிறு பந்தயத்தில் நகல் பாய் செல்லும், ஆண்டுப் போட்டியில் செல்லாது என்று பெரும்பான்மை முடிவெடுத்தது. நான் எதிர்த்து வாக்களித்தேன், தோற்றேன். தீர்ப்பு அரைகுறை என்றுதான் இன்றும் நினைக்கிறேன், ஆனால் அந்த இளைஞரின் கேள்வி நியாயமானது.

இளையோர் பிரிவில், பாரிஸ் ஒலிம்பிக் பந்தயங்களை மார்செய் கடலிலிருந்து வந்த ஒளிபரப்பில் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தோம். காற்றே இல்லாமல் ஓட்டங்கள் தள்ளிப்போனபோது, "இங்கே மாதிரியே இருக்கு" என்றார்கள் பிள்ளைகள். ஆண்கள் பிரிவில் விஷ்ணு சரவணன் 18-ஆவது, பெண்கள் பிரிவில் நமது சென்னையில் பயின்ற நேத்ரா குமணன் 21-ஆவது. ஹாங்சோ ஆசியப் போட்டியில் விஷ்ணு வெண்கலம் வாங்கியதும், சின்னப் பாய் உள்ள ஐஎல்சிஏ 4-இல் நேஹா தாக்கூர் வெள்ளி வாங்கியதும் இவர்களுக்கு மனப்பாடம். ஒரே ஹல்லில் பாயையும் கீழ்க்குழாயையும் மட்டும் மாற்றி, 4.7 சதுர மீட்டரிலிருந்து 5.76, அப்புறம் 7.06 என்று உடம்பு எடைக்கேற்ப ஏறிப்போகலாம் என்பது நம்மைப் போன்ற சின்ன சங்கத்துக்குப் பெரிய வசதி. இந்த ஆண்டு மூன்று பேர் நடுப் பாய்க்கு ஏறியிருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு தீர்மானம். ஒலிம்பிக்கில் இந்த வகுப்புக்குப் படகையும் பாயையும் நடத்துபவர்களே தருகிறார்கள், வீரர்கள் சொந்தப் படகு கொண்டுபோவதில்லை. அதேபோல சங்கமே முத்திரைப் பாய்கள் எட்டு வாங்கி, பூட்டி வைத்து, ஆண்டுப் போட்டியன்று மட்டும் சீட்டுக் குலுக்கிக் கொடுக்கலாம். ஒரே வருடத்தில் எட்டும் முடியாது. முதல் வருடம் மூன்று வாங்கலாம், இந்த மூன்றையும் ஓட்டத்துக்கு ஓட்டம் சுழற்றுவோம். நன்கொடை தர விரும்புபவர்கள் பொருளாளரிடம் இன்றே பெயர் கொடுக்கலாம். நாலாம் நம்பர் படகு வரும் ஞாயிறு நீரில் இறங்குகிறது. முதல் ஓட்டத்தை அந்த இரண்டு பிள்ளைகளில் ஒருவர் ஓட்ட வேண்டும் என்பது என் விருப்பம், யார் என்று அவர்களே முடிவு செய்யட்டும்.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கௌரவச் செயலாளர்