வரப்பு வேறு, மடை வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கன்டெய்னர் என்றால் சர்வருக்குள் இருக்கும் குட்டிக் கம்ப்யூட்டர் என்றே தமிழில் பலரும் எழுதிவிட்டுப் போகிறார்கள். அதை நம்பி வேலைக்குப் போகும் பிள்ளைகள்தான் திண்டாடுகிறார்கள்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வரப்பையும் மடையையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. கன்டெய்னர் தனிக் கம்ப்யூட்டர் அல்ல; சர்வரின் லினக்ஸிலேயே ஒரு வரப்புக்கும் மடைக்கும் உட்பட்டு ஓடும் ப்ராசஸ்கள்தான் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள்). லினக்ஸில் நேம்ஸ்பேஸ் வரப்பு: ஒரு ப்ராசஸ் கண்ணுக்கு எது படும் என்பதை முடிவு செய்கிறது. சிகுரூப் மடை: மெமரியையும் சிபியுவையும் அளந்து விடுகிறது. லினக்ஸின் மையமான கெர்னலில் இரண்டும் தனித்தனியாக வளர்ந்தவை. சிகுரூப் வந்தது 2008இல், 2.6.24 பதிப்பில்.

64 ஜிபி சர்வரில் 512 எம்பி வரம்போடு ஓடும் டாக்கர் கன்டெய்னருக்குள், மெமரி அளவைக் காட்டும் 'ஃப்ரீ' கமாண்ட் கொடுத்தால் 64 ஜிபி என்றே காட்டும். 'ஃப்ரீ' படிக்கும் மெம்இன்ஃபோ கோப்பை எந்த நேம்ஸ்பேஸும் மறைப்பதில்லை. ஆளியாறு அணை முழுதும் கண்ணில் பட்டால், அத்தனையும் நம் மடைக்கு வந்துவிடுமா? பழைய ஜாவா அப்படித்தான் நம்பி, கால் பங்கான 16 ஜிபி வரை ஹீப்பை (தன் டேட்டாவை வைக்கும் மெமரியை) வளர்க்கலாம் என்று கணக்குப் போடும். வரம்பு முட்டி, ஸ்வாப்பும் (மெமரிக்கு மாற்றாக டிஸ்கில் ஒதுக்கும் இடம்) இல்லாவிட்டால் கெர்னல் அந்த ப்ராசஸைக் கொன்றுவிடும். அப்படிக் கொல்லப்பட்டதைக் காட்டுவது எக்ஸிட் கோட் 137. ஜாவா 10உம், ஜாவா 8இன் 191ஆவது அப்டேட்டும் சிகுரூப் முதல் பதிப்பின் வரம்பைப் படிக்கின்றன; இரண்டாம் பதிப்புக்கு ஜாவா 15 அல்லது ஜாவா 8இன் 372ஆவது அப்டேட் வேண்டும். அதற்கு முந்தையது என்றால் ஹீப் அளவை நீங்களே கொடுங்கள்.

சிபியுவில் வரும் கோளாறு இன்னும் நுட்பமானது. சிகுரூப் இரண்டாம் பதிப்பில், சிபியு வரம்பை எழுதும் சிபியு.மேக்ஸ் கோப்பில் "100000 100000" என்றால் ஒவ்வொரு 100 மில்லிசெகண்டிலும் ஒரு கோர் அளவு நேரம். ஆனால் 16 கோர் சர்வரில், கோர் எண்ணிக்கை சொல்லும் 'என்ப்ராக்' கமாண்ட் பெரும்பாலும் 16 என்றே சொல்லும். அதைக் கேட்டு 16 த்ரெட் (ஒரு ப்ராசஸுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஒரே நேரத்தில் ஓடினால் 6.25 மில்லிசெகண்டில் பங்கு தீர்ந்துவிடும், மீதி 93.75 மில்லிசெகண்ட் எல்லாம் உறைந்து நிற்கும். சராசரிக் கிராஃபில் இது பிடிபடாது. சிபியு.ஸ்டாட் கோப்பில், எத்தனை முறை இப்படி உறைந்தது என்று எண்ணும் 'என்ஆர்_த்ராட்டில்ட்' ஏறுகிறதா என்று பார்த்து, த்ரெட் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

வரப்பும் மடையும் மோதும் இடம், கன்டெய்னரின் முதல் ப்ராசஸான பிஐடி 1. மெமரி தீர்ந்து அதுவே கொல்லப்பட்டால், அந்தப் பிஐடி நேம்ஸ்பேஸில் உள்ள அத்தனை ப்ராசஸும் சாகும்; கன்டெய்னர் விழுந்தது உடனே தெரியும். பிஐடி 1 தொடங்கிவைத்த கிளை ப்ராசஸ் மட்டும் செத்தால் கன்டெய்னர் ஓடுவதாகவே காட்டும், உள்ளே வேலை நின்றிருக்கும். மெமரி.ஈவன்ட்ஸ் கோப்பில், மெமரி தீர்ந்து கொல்லப்பட்டவற்றை எண்ணும் 'ஓஓஎம்_கில்' பூஜ்யத்தைத் தாண்டியிருந்தால் நடந்தது இதுதான். மெமரி.ஓஓஎம்.குரூப் கோப்பில் 1 எழுதிவிட்டால் அந்தச் சிகுரூப்பில் உள்ள ப்ராசஸ்கள் சேர்ந்தே முடியும், புதிதாகத் தொடங்கலாம்.

கணினிப் பயிற்றுநர்கள்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்