சான்றிதழுக்கு லேசர் அச்சு வேண்டும்

ஆசிரியருக்கு,

வீட்டு ஆவணங்களைப் பாதுகாப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். லேமினேஷன் செய்தால் போதும் என்ற யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. தாளில் உள்ள அச்சு எத்தனை ஆண்டு நிற்கும் என்பது முதலில் மையைப் பொறுத்தது. இங்க்ஜெட் பிரிண்டர்களில் பரவலாக ஊற்றப்படும் சாய மை ஈரத்தில் கரையும், வெளிச்சத்தில் வெளுக்கும். லேசர் பிரிண்டரிலும் ஜெராக்ஸிலும் போடும் டோனர் என்ற மைத்தூள், சூட்டில் உருகித் தாளில் ஒட்டிக்கொள்வதால் தண்ணீருக்கு அசையாது. லேமினேஷன் போட்டாலும் மை வெளுக்கத்தான் செய்யும். அப்புறம் அந்தப் பிளாஸ்டிக்கைத் தாள் கிழியாமல் உரிப்பதும் பெரும்பாடு.

கடந்த ஐப்பசி மழையில் செல்லூரில் எங்கள் ஓட்டு வீடு ஒழுகியது. பீரோ மேல் ஒரே கவரில் இருந்த மகளின் சாதிச் சான்றிதழும் அதன் ஜெராக்ஸும் நனைந்துவிட்டன. இங்க்ஜெட்டில் அச்சிட்ட சான்றிதழில் எழுத்தெல்லாம் நீலமும் சிவப்புமாக ஓடி, பெயரே தெரியவில்லை. ஜெராக்ஸை மின்விசிறிக்குக் கீழே காயவைத்தேன். ஓர் எழுத்துகூடக் கலையவில்லை. கூடவே இருந்த என் பெற்றோரின் 1968ஆம் ஆண்டுக் கறுப்பு வெள்ளைத் திருமணப் படம் ஓரம் சுருண்டதோடு சரி. அந்தப் படம் வெள்ளித் துகள்களால் ஆனது; கரைந்து ஓட அதில் மை இல்லை.

ஆகவே, சான்றிதழ் அச்சிட்டுத் தரும் இ-சேவை மையங்களில் லேசர் பிரிண்டரைக் கட்டாயமாக்க மாவட்ட நிர்வாகம் உத்தரவிட வேண்டும். ஸ்டூடியோக்களும் படத்தின் பின்புறம் எந்த மை, எந்தத் தாள் என்று சீல் குத்திக் கொடுக்கலாம்.

– ஒரு வாசகர், செல்லூர், மதுரை